ஆறரை மணிக்கு வரும் வண்டி

மாலை ஆறரைக்கு வரும். தெருமுனையில் டிரான்ஸ்பார்மருக்குப் பக்கத்தில், ஷட்டர் இறக்கிய ஏதோ ஒரு கடையின் வாசலுக்கு நேரே நிற்கும். சக்கரத்துக்குக் கல் வைப்பார்கள். இட்லிக் கொப்பரை ஏறும், தோசைக்கல் காயும், பக்கத்தில் ஒரு குடம் தண்ணீர், ஒரு பெஞ்சு. பத்தரைக்கெல்லாம் கழுவி ஊற்றிவிட்டுத் தள்ளிக்கொண்டு போய்விடுவார்கள். மறுநாள் காலையில் அந்த இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும் இருக்கும். சென்னையில் கையேந்தி பவன் என்று செல்லமாகச் சொல்கிற இந்தக் கடை இல்லாத பேட்டை கிடையாது.

இந்த வண்டிக்கு அனுமதி உண்டா என்று கேட்டுப் பாருங்கள். ஒருவர் ‘கார்ப்பரேஷன் கார்டு இருக்கு’ என்பார். இன்னொருவர் ‘ஃபுட் சர்டிபிகேட் வாங்கிட்டேன்’ என்பார். மூன்றாமவர் ‘ஸ்டேஷன்ல சொல்லியிருக்கு’ என்பார். முதலிரண்டும் வெவ்வேறு காகிதங்கள். மூன்றாவதற்குக் காகிதமே கிடையாது. ஆனால் நடைமுறையில் வண்டியை அந்த இடத்தில் நிற்க வைப்பது பெரும்பாலும் மூன்றாவதுதான். முதல் காகிதத்துக்கு என்று நாடாளுமன்றம் ‘தெரு வியாபாரிகள் சட்டம்’ என ஒரு தனிச் சட்டமே போட்டுப் பத்தாண்டுக்கு மேல் ஆன பிறகும் ஏன் இப்படி இருக்கிறது என்பதைப் பார்க்க, அந்தச் சட்டம் எதை எதன்மேல் கட்டியிருக்கிறது என்று தெரிய வேண்டும்.

நெடுங்காலமாகத் தெரு வியாபாரியை அரசு பார்த்தது இடைஞ்சலாகத்தான். 1888-ஆம் ஆண்டின் சென்னை நகரக் காவல் சட்டமும் 1919-ஆம் ஆண்டின் மாநகராட்சிச் சட்டமும் சாலை என்பது போய்வருவதற்கு என்ற கணக்கில் எழுதப்பட்டவை. அதில் நின்று விற்பவர் ஆக்கிரமிப்பாளர். இந்தப் பார்வையை அசைத்தது 1989-இல் உச்ச நீதிமன்றம் சோதன் சிங் வழக்கில் சொன்ன தீர்ப்பு. டெல்லி ஜன்பத் பக்கத்தில் ஆயத்த ஆடை விற்றுக்கொண்டிருந்தவர் தொடர்ந்த வழக்கு அது. தெருவில் வியாபாரம் செய்வதும் அரசியல் சாசனத்தின் 19(1)(ஜி) பிரிவு தரும் தொழில் உரிமைக்குள் வரும், அரசு அதை ஒழுங்குபடுத்தலாம் என்றது நீதிமன்றம். கூடவே இன்னொன்றும் சொன்னது: இன்ன இடத்தில்தான் உட்காருவேன் என்று கேட்கும் உரிமை யாருக்கும் இல்லை. தொழிலுக்கு உரிமை உண்டு, இடத்துக்கு இல்லை. இன்றுவரை எல்லாச் சிக்கலும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் கிடக்கிறது. தெரு வியாபாரத்தில் தொழில் என்பதே இடம்தானே. பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே சூடாக விற்கிற வடையை இரண்டு தெரு தள்ளிக் கொண்டுபோய் வைத்தால் அது ஆறின வடை.

அதன்பிறகு 2004-இல் ஒரு தேசியக் கொள்கை வந்தது. 2009-இல் அதைத் திருத்தினார்கள். கொள்கையை வைத்துக்கொண்டு எந்த மாநகராட்சியையும் கட்டாயப்படுத்த முடியாது என்பதால் 2010-இல் கைந்தா ராம் வழக்கில் உச்ச நீதிமன்றம், சட்டமாகவே போடுங்கள் என்று கெடு வைத்தது. கெடு தாண்டித்தான் சட்டம் வந்தது. 2014 மார்ச்சில் குடியரசுத் தலைவர் ஒப்புதல், மே 1 முதல் நடைமுறை. மே தினத்தன்று என்பது தற்செயலாகத் தெரியவில்லை. தமிழ்நாடு தன் விதிகளையும் திட்டத்தையும் 2015-இல் அறிவித்தது.

சட்டத்தைப் படித்தால் அதன் அச்சாணி மூன்றாம் பிரிவில் இருப்பது தெரியும்: கணக்கெடுப்பு. ஐந்தாண்டுக்கு ஒருமுறையாவது நகரத்தில் உள்ள தெரு வியாபாரிகளை எல்லாம் எண்ண வேண்டும். எண்ணப்பட்ட அத்தனை பேருக்கும் விற்பனை மண்டலங்களில் இடம் தர வேண்டும். அவர்களுக்கு விற்பனைச் சான்றிதழும் அடையாள அட்டையும் கிடைக்கும். இதோடு ஒரு வலுவான வரியும் இருக்கிறது: கணக்கெடுப்பு முடிந்து எல்லோருக்கும் சான்றிதழ் கொடுக்கும்வரை எந்த வியாபாரியையும் அப்புறப்படுத்தவோ இடம் மாற்றவோ கூடாது. வியாபாரிகள் சங்கங்கள் நீதிமன்றத்துக்குப் போகும்போதெல்லாம் கையில் பிடித்துக்கொண்டு போவது இந்த வரியைத்தான்.

அதாவது சட்டத்தின் முழுப் பாதுகாப்பும் நீங்கள் எண்ணப்பட்டவரா என்ற ஒரு கேள்வியில் தொங்குகிறது. எண்ணுவதற்கு மிகச் சிரமமானது எது என்றால் நம்முடைய ஆறரை மணி வண்டிதான். கணக்கெடுப்புக்கு வருபவர் அலுவலக நேரத்தில் வந்தால் இட்லி வண்டி வீட்டு வாசலில் சாத்தியிருக்கும். விடியற்காலை நான்கு மணிக்கு மொத்தச் சந்தை வாசலில் டீ விற்பவர் ஏழு மணிக்குப் போய்விடுவார். வெள்ளரிப் பிஞ்சு, பனங்கிழங்கு, பஞ்சு மிட்டாய் விற்பவர்கள் பருவத்துக்கும் திருவிழாவுக்கும் தக்கபடி ஊர் மாறுபவர்கள். தள்ளுவண்டிப் பழக்காரர் காலையில் ஒரு வார்டில் இருப்பார், மாலையில் இன்னொன்றில். நாளெல்லாம் ஒரே இடத்தில் துணிக்கடை போட்டிருப்பவர் மட்டும் எந்தக் கணக்கெடுப்புக்கும் தப்ப மாட்டார். அவருக்கு அட்டை சுலபம்.

சட்டம் எழுதியவர்களுக்கு இது தெரியாமல் இல்லை. நிலையாக ஓரிடத்தில் விற்பவர், நடமாடி விற்பவர், மற்றவர் என்று சான்றிதழிலேயே வகை பிரித்திருக்கிறார்கள். நடமாடும் வியாபாரி என்பவர், ஒதுக்கிய பகுதிக்குள் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போய்க்கொண்டே விற்பவர். இதில் நம் வண்டியை எந்தப் பெட்டியில் போடுவது? சக்கரம் இருக்கிறது, ஆனால் கடை நடக்கும்வரை அது உருளாது. தோசைக்கல்லைக் காயவைத்துக்கொண்டு தெருத் தெருவாகச் சுற்ற முடியுமா? நான்கு மணி நேரம் நிலைக்கடை, மீதி இருபது மணி நேரம் கடையே இல்லை. இப்படிப்பட்டவர்களுக்குப் பொருந்துகிற ஒரு வாசல் சட்டத்தில் உண்டு. ஒரே இடத்தை நேரம் பிரித்துப் பலர் பயன்படுத்தும் முறை அது. நேரம் முடிந்ததும் சரக்கை எடுத்துக்கொண்டு இடத்தைக் காலி செய்துவிட வேண்டும். காலையில் பூ, மாலையில் இட்லி. தெரு இதை எந்தச் சட்டமும் சொல்லாமலே காலங்காலமாகச் செய்துகொண்டுதான் இருக்கிறது. மாநகராட்சிகள் தங்கள் திட்டங்களில் கையாளத் தயங்குவதும் இதைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. நேரம் பிரித்த இடத்தைச் சோதிக்க ராத்திரி ஒன்பது மணிக்கு ஆள் அனுப்ப வேண்டுமே.

எண்ணிக்கைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. எத்தனை பேர்வரை? சட்டம் ஒரு வரம்பு சொல்கிறது: வார்டு அல்லது நகர மக்கள்தொகையில் 2.5 சதவீதம். 2011 கணக்கெடுப்பின்படி விரிவாக்கப்பட்ட சென்னை மாநகராட்சியின் மக்கள் சுமார் 67 லட்சம். அதில் 2.5 சதவீதம் என்றால் ஏறக்குறைய 1 லட்சத்து 67 ஆயிரம். தாராளமான எண் மாதிரித்தான் இருக்கிறது. ஆனால் இதற்குக் கீழே இன்னொரு வரம்பும் உட்கார்ந்திருக்கிறது. ஒவ்வொரு மண்டலத்துக்கும் ‘தாங்கும் திறன்’ என்று ஒன்றை, அதிகாரிகளும் வியாபாரிகளும் சேர்ந்து உட்காரும் நகர விற்பனைக் குழு பரிந்துரைக்க, உள்ளாட்சி முடிவு செய்யும். அந்தத் தெருவில் அதற்கு மேல் ஆள் இருந்தால் குலுக்கல். குலுக்கலில் விழாதவருக்கு அடுத்துள்ள மண்டலத்தில் இடம் தர வேண்டும்.

இந்தக் குலுக்கலைச் சென்னை கண்ணால் பார்த்திருக்கிறது. மெரினா கடற்கரையில் கண்டபடி முளைத்திருந்த கடைகளை ஒழுங்குபடுத்தச் சொல்லி உயர் நீதிமன்றம் போட்ட உத்தரவுகளின் தொடர்ச்சியாக, ஒரே மாதிரியான 900 வண்டிகள் செய்து, விண்ணப்பித்தவர்களில் குலுக்கல் முறையில் ஆளைத் தேர்ந்தெடுத்தார்கள். சுண்டல், பஜ்ஜி, பொம்மை, சங்கு என்று எதை விற்றாலும் ஒரே வடிவ வண்டி. பார்க்க வரிசையாக இருக்கும், சரி. ஆனால் 900 என்று ஓர் எண்ணை எழுதிய நொடியில், 901-ஆவது ஆள் யார் என்ற கேள்வியும் பிறந்துவிடுகிறது.

அந்த ஆள் என்ன ஆவார் என்பதற்கு நியூயார்க் நகரம் நல்ல பாடம். அங்கே உணவு வண்டிகளுக்கான அனுமதி எண்ணிக்கையை 1983-இல் சுமார் 3,000 என்று பூட்டி வைத்தார்கள். ஊர் வளர்ந்தது, புலம்பெயர்ந்தவர்கள் வந்தார்கள், எண் மட்டும் அசையவில்லை. இரண்டாண்டுக்கு 200 டாலர் கட்டி நகரத்திடமிருந்து வாங்கிய அனுமதியை, வைத்திருந்தவர்கள் கறுப்புச் சந்தையில் 20,000 டாலருக்கு மேல் வாடகைக்கு விட்டார்கள். வண்டி தள்ளுபவர் ஒருவர், அனுமதிக்குச் சொந்தக்காரர் வேறொருவர். 2021-இல் அந்த நகரம் சட்டத்தைத் திருத்தி, ஆண்டுக்கு நானூற்றுச் சொச்சம் புதிய உரிமங்கள் பத்தாண்டுக்குத் தருவது என்றும், உரிமம் பெற்றவர் வண்டியிலேயே இருக்க வேண்டும் என்றும் கொண்டுவந்தது.

நம் சட்டம் இந்தக் குழியைத் தாண்டப் பார்த்திருக்கிறது. சான்றிதழ் வாங்குபவர் மூன்று உறுதிகள் தர வேண்டும்: நானோ என் குடும்பத்தாரோதான் கடை நடத்துவோம், எனக்கு வேறு பிழைப்பு இல்லை, இதை யாருக்கும் வாடகைக்கு விடவோ கைமாற்றவோ மாட்டேன். எழுத்தில் பழுது இல்லை. ஆனால் ஓர் இடத்துக்கு இத்தனை பேர்தான் என்று ஆனபிறகு அந்த இடத்துக்கு ஒரு விலை வந்துவிடும். விலையை யார் வசூலிக்கிறார் என்பதுதான் ஊருக்கு ஊர் வேறுபடும். அங்கே அனுமதிக்காரர். இங்கே அந்த இடத்தை ‘பார்த்துக்கொள்கிற’ ஆள். மாமூல் என்பது லஞ்சத்துக்கு மட்டும் பெயர் என்று நினைக்காதீர்கள். பதிவேட்டில் இல்லாத இடத்துக்கு அன்றாடம் கொடுக்கும் வாடகைக்கும் அதுதான் பெயர்.

இதையெல்லாம் தீர்க்கத்தான் நகர விற்பனைக் குழு. ஆணையர் தலைவர், காவல்துறை, போக்குவரத்து, திட்டத்துறை, குடியிருப்போர் சங்கம் எல்லாம் உறுப்பினர்கள். வியாபாரிகளின் பிரதிநிதிகள் குறைந்தது 40 சதவீதம் இருக்க வேண்டும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். இந்தப் பிரதிநிதிகளை வியாபாரிகளே வாக்களித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். வாக்காளர் பட்டியல் வேண்டும் என்றால்? மறுபடி கணக்கெடுப்பு. கணக்கெடுப்பைச் செய்ய வேண்டியது யார்? அதே குழுதான். கோழி முதலா முட்டை முதலா என்ற கதைதான். பல நகரங்களில் நியமன உறுப்பினர்களை வைத்து முதல் சுற்றை ஓட்டியதற்கு இதுவும் ஒரு காரணம்.

எங்கே விற்கலாம், எங்கே கூடாது என்று கோடு போடுவதும் இந்தக் குழுவின் பரிந்துரையோடுதான் நடக்க வேண்டும். இதில் வியாபாரிகளுக்குச் சாதகமான ஒரு விதி அதிகம் பேருக்குத் தெரியாமல் இருக்கிறது. வாங்குவோரும் விற்போரும் வழிவழியாகக் கூடி இயல்பாக உருவான சந்தை என்று கணக்கெடுப்பில் கண்ட இடத்தை, விற்பனை கூடாத பகுதி என்று அறிவிக்க முடியாது. ஐம்பதாண்டுக்கு மேல் வியாபாரம் நடக்கும் இடம் என்றால் அது பாரம்பரியச் சந்தை. அங்கிருந்து இடம் மாற்றவே கூடாது. பாரிமுனைப் பக்கமும் தியாகராய நகரிலும் நடைபாதைக் கடை வழக்குகள் ஆண்டுக்கணக்காக இழுப்பதற்குக் காரணம் இந்த மாதிரி இடங்களில் வரலாறும் நெரிசலும் ஒன்றாக இருப்பதுதான். பாண்டி பஜார் நடைபாதைக் கடைக்காரர்களை அதே சாலையில் ஒரு கட்டடத்துக்குள் கொண்டுபோய் வைத்தார்கள். 2019-இல் வெளியே அகலமான நடைபாதை வளாகம் திறந்தது. நடப்பவர்களுக்கு நல்ல காலம். ஆனால் போகிற போக்கில் கண்ணில் பட்டதை வாங்குகிறவர் மாடி ஏறி வந்து வாங்க மாட்டார் என்பது எந்த வியாபாரிக்கும் தெரிந்த விஷயம்.

நடப்பவர்கள் பக்கத்தையும் சொல்லாமல் விட முடியாது. இந்தியச் சாலைக் குழுமத்தின் வழிகாட்டி நெறி, நடைபாதையில் தடையில்லாமல் குறைந்தது 1.8 மீட்டர் அகலம் இருக்க வேண்டும் என்கிறது. கோவை எலும்பு அறுவை மருத்துவர் எஸ். ராஜசேகரன் தொடர்ந்த சாலைப் பாதுகாப்பு வழக்கில், 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம், தடையற்ற நடைபாதை என்பது உயிர் வாழும் உரிமையான 21-ஆம் பிரிவின் ஒரு பகுதி என்றது. ஆக, நடப்பதும் அடிப்படை உரிமை, விற்பதும் அடிப்படை உரிமை. இரண்டும் மோதும் இடம் பெரும்பாலும் ஆறடி அகல சிமெண்டுப் பலகை. அதில் பாதியை மின்பெட்டியும் நிறுத்திய பைக்கும் ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருக்கும் என்பது தனிக்கதை. அவற்றை ஏற்றிக்கொண்டு போக லாரி வருவதில்லை.

லாரி என்றதும் நினைவுக்கு வருகிறது. வண்டியைத் தூக்கிக்கொண்டு போவது பற்றிச் சட்டம் விரிவாகவே சொல்கிறது. இடம் மாற்றவோ அப்புறப்படுத்தவோ 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். அதற்குப் பிறகும் போகாவிட்டால் நாளொன்றுக்கு 250 ரூபாய் வரை அபராதம். பொருளைப் பறிமுதல் செய்தால் அங்கேயே பட்டியல் எழுதி நகல் தர வேண்டும். அபராதம் கட்டியபின், கெடாத பொருள் என்றால் இரண்டு வேலை நாளுக்குள், கெடக்கூடியது என்றால் கேட்ட அன்றே திருப்பித் தர வேண்டும். கத்தரிக்காய் வண்டிக்கு இது பொருந்தும். இட்லி வண்டிக்கு? ராத்திரி எட்டு மணிக்கு ஏற்றிக்கொண்டு போன சாம்பாரை அன்றே திருப்பித் தந்தால்தான் என்ன, தராவிட்டால்தான் என்ன. சமைத்த உணவு விற்பவருக்குப் பறிமுதல் என்பது அன்றைய முதல் முழுவதும் போவது. அந்த முதல் தண்டல்காரரிடம் காலையில் வாங்கியதாக இருந்தால் மாலையில் அவருக்கும் பதில் சொல்ல வேண்டும்.

கடன் என்ற பக்கத்தில் மட்டும் அரசு கொஞ்சம் வேகமாக நகர்ந்தது. கொரோனா ஊரடங்கில் தெருவே மூடிக் கிடந்தபோது, 2020 ஜூனில் பிரதமர் ஸ்வநிதி திட்டம் வந்தது. அடமானம் இல்லாமல் முதலில் 10,000, ஒழுங்காகக் கட்டினால் 20,000, பிறகு 50,000. 2025-இல் முதல் தவணையை 15,000 ஆகவும் இரண்டாவதை 25,000 ஆகவும் உயர்த்தினார்கள். கணக்கெடுப்பில் விடுபட்டவர்கூட உள்ளாட்சியின் பரிந்துரைக் கடிதம் வாங்கிக்கொண்டு விண்ணப்பிக்கலாம். இதில் ஒரு வேடிக்கை: வங்கி ஏட்டில் தெரு வியாபாரி என்று இருப்பவர், தான் நிற்கும் தெருவின் ஏட்டில் இல்லாமலும் இருக்கலாம்.

இனி அந்த ‘ஃபுட் சர்டிபிகேட்’. இது முற்றிலும் வேறு வீட்டுச் சமாசாரம். 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி, உணவு விற்கிற யாரும், தலையில் கூடை சுமப்பவர் உட்பட, பதிவு செய்ய வேண்டும். ஆண்டு விற்றுமுதல் 12 லட்சத்துக்குள் இருந்தால் உரிமம் வேண்டாம், பதிவு போதும் என்று வைத்தார்கள். இந்தப் பதிவு, நீங்கள் விற்பது உணவு, அதை இன்னார் விற்கிறார் என்று சொல்லும். எங்கே நிற்கலாம் என்று ஒரு வார்த்தையும் சொல்லாது. பலர் இதை வண்டியில் மாட்டிவைத்து, இடத்துக்கு அனுமதி வந்துவிட்டதாக நம்புகிறார்கள். லாரி வந்து நிற்கும்போதுதான் தெரியும்.

ஆனால் சமைப்பது பற்றி அந்தச் சட்டத்தின் விதிகள் நுணுக்கமானவை. வண்டியின் பலகை ஸ்டீல் போல நீர் இறங்காத, சுலபமாகக் கழுவக்கூடிய பரப்பாக இருக்க வேண்டும். தரையிலிருந்து குறைந்தது 60 முதல் 70 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். சமைத்தது மூடியிருக்க வேண்டும். பஜ்ஜியைச் செய்தித்தாளில் மடித்துத் தரக்கூடாது. அச்சு மையில் உள்ளது எண்ணெயோடு வயிற்றுக்குப் போகும். திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில், எண்ணெய் கெடக் கெடச் சேரும் முனைவுறு சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதைப் பயன்படுத்தக்கூடாது என்று 2018 ஜூலை முதல் விதி. வண்டிக்காரர் கையில் அதை அளக்கக் கருவி கிடையாது. எண்ணெய் கறுத்துப்போய், சட்டியில் போட்டதும் நுரை கட்டினால் ஊற்றிவிட வேண்டும் என்பதுதான் அவருக்குத் தெரிந்த அளவுகோல். இதோடு 2019 ஜனவரி முதல் தமிழ்நாட்டின் பிளாஸ்டிக் தடை சேர்ந்தது. சாம்பார் பார்சலுக்கு மெல்லிய பைக்குப் பதில் என்ன என்று இன்னும் எந்த வண்டியும் முழுதாகக் கண்டுபிடிக்கவில்லை. சிலிண்டர் தனி. வீட்டுச் சிவப்பு சிலிண்டரை வண்டியில் வைப்பது குற்றம். வணிக உபயோகத்துக்கான சிலிண்டர்தான் வைக்க வேண்டும்.

எனக்கு இதில் ஒரு மனக்குறை உண்டு. சுத்தமாக வையுங்கள் என்று சொல்லும் துறைக்குத் தண்ணீர் தரும் அதிகாரம் இல்லை. தண்ணீரும் வடிகாலும் வைத்திருக்கும் அமைப்புகளுக்கு அந்த வண்டி நாளை அங்கே இருக்குமா என்று தெரியாது. நாளை இருப்போமா என்று தெரியாதவர் ஸ்டீல் பலகைக்கும் கைகழுவும் தொட்டிக்கும் முதல் போட மாட்டார். சட்டியைக் கழுவ ஒரே வாளித் தண்ணீர்தான் என்றால், அதற்குக் காரணத்தை உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் தேடாமல் தெரு வியாபாரிகள் சட்டத்தின் மூன்றாம் பிரிவில் தேட வேண்டும்.

அப்புறம் ரயில்வே. தெரு வியாபாரிகள் சட்டம் ரயில்வே நிலத்துக்கும் ரயில்களுக்கும் பொருந்தாது என்று முதல் பிரிவிலேயே எழுதிவிட்டார்கள். ரயில் நிலைய வாசலில் கடை போடுபவர் எந்தக் கல்லுக்கு அந்தப்பக்கம் ரயில்வே, எந்தக் கல்லுக்கு இந்தப்பக்கம் மாநகராட்சி என்று தெரிந்து வைத்திருக்க வேண்டும். இரண்டடி நகர்ந்தால் சட்டமே மாறிவிடும்.

கடைசியாக, இப்போது கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் பழைய மகாபலிபுரம் சாலையிலும் பார்க்கிற ஃபுட் டிரக். பார்வைக்குத் தள்ளுவண்டியின் வசதியான தம்பி மாதிரி இருந்தாலும் சட்டத்தின் கண்ணில் உறவு தூரம். முதலில் அது மோட்டார் வாகனம். பதிவுச் சான்றில் உள்ள வடிவத்திலிருந்து வாகனத்தை மாற்ற மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடை போடுகிறது. சரக்கு வண்டியைச் சமையலறையாக்க வேண்டும் என்றால் ஆர்டிஓ அலுவலகத்தின் ஒப்புதல் வேண்டும். அடுத்து, 2014 சட்டத்தின் சான்றிதழ் கேட்டால் அந்த மூன்று உறுதிகள் குறுக்கே நிற்கும். பகலில் ஐடி வேலை பார்த்துவிட்டு வார இறுதியில் ஆள் வைத்து பர்கர் விற்பவர், எனக்கு வேறு பிழைப்பு இல்லை என்று எப்படிக் கையெழுத்துப் போடுவார்? பிழைப்புக்கு வழி இல்லாதவரைக் காக்க எழுதிய சட்டம் அது; முதல் போட்டு நடத்தும் நடமாடும் உணவகத்துக்கு அதில் பெட்டி இல்லை. அதனால்தான் டிரக்குகள் பலவும் யாராவது ஒருவருடைய காலி மனையிலோ அலுவலக வளாகத்திலோ வாடகை கொடுத்து நிற்கின்றன. ஓட்டிக்கொண்டு போகக்கூடிய கடை என்று வாங்கி, நகராத கடையாக்கி வைத்திருக்கிறார்கள்.